கிராஃப்ஸ்டவுன் துப்பாக்கி மனு

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சந்தைக் கூடத்தில் எல்வுட் ரிங்கர் தேன் பாட்டில் எடுக்கக் குனிந்தார். இடுப்பில் செருகியிருந்த அவருடைய அப்பா காலத்துக் கைத்துப்பாக்கி நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து வெடித்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. எதிர்க்கடையில் தொங்கிக்கொண்டிருந்த உப்புக்கண்டப் பன்றித் தொடைக்குள் புகுந்த குண்டு அங்கேயே தங்கிவிட்டது. கூடத்திலிருந்த அத்தனை பேரும் தரையோடு தரையாகப் படுத்தார்கள். பிறகு எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, வரிசையில் நின்று அந்தத் தொடையைப் படம் எடுத்தார்கள். எல்வுட் மட்டும் எழுந்திருக்க அரைமணி நேரம் ஆனது. அவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது.

அடுத்த மாதம் கிராஃப்ஸ்டவுன் நகர மன்றம் சந்தைக் கூடத்துக்குள் துப்பாக்கி கூடாது என்று சட்டம் போட்டது. அதற்கடுத்த மாதம் பள்ளத்தாக்குத் துப்பாக்கிச் சங்கம் அந்தச் சட்டம் செல்லாது என்று வழக்குப் போட்டது. வர்ஜீனியாவின் இந்த மலைப் பள்ளத்தாக்கில் ஆப்பிளுக்கு அடுத்தபடியாக அதிகம் விளைவது வழக்கு என்பதால் யாரும் ஆச்சரியப்படவில்லை.

இதற்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் லொவீனா ஃபங்க்ஹவுசர் நினைத்திருந்தாள்.

லொவீனாவுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தோரு வருஷம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். யாராலும் படிக்க முடியாத முகவரியெல்லாம் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வரும். மழையில் கரைந்தது, நடுங்கும் கையால் எழுதியது, டாக்டர்கள் எழுதியது என்று எதையும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுச் சரியான பெட்டியில் போட்டுவிடுவாள். ஓய்வு பெற்ற மறுவாரமே மாவட்ட வரலாற்றுச் சங்கம் அவளைத் தன் ஆவண அறையில் உட்கார வைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் முதலில் குடியேறியவர்கள் ஜெர்மானியர்கள். அவர்கள் விட்டுப்போன காகிதமெல்லாம் ஜெர்மன் மொழியில், முள்வேலியைச் சுருட்டி வைத்தது போன்ற பழைய கையெழுத்தில் இருந்தன. லொவீனா இரண்டு குளிர்காலம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மொழியையும் எழுத்தையும் கற்றுக்கொண்டாள். துணைக்குக் கணவர் இல்லை, தொந்தரவுக்கு டி.வி. இல்லை.

அந்த ஆவண அறையின் நடுச்சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஊரின் பெருமை தொங்கியது. அதுதான் 1789-ஆம் வருஷத்துத் துப்பாக்கி மனு. அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் நாட்டுக்கே துப்பாக்கி உரிமையை எழுதிவைப்பதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே கிராஃப்ஸ்டவுன்காரர்கள் எழுதிவிட்டார்கள் என்று ஊர் எல்லைப் பலகை சொல்லும். மூலம் ஜெர்மனில் இருந்ததால் அதை யாரும் படித்ததில்லை; பழைய எழுத்து கற்ற லொவீனாவும் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்க நினைத்ததில்லை. போதகர் எஃப்ராயிம் கூன்ஸ் என்பவர் 1911-இல் செய்த மொழிபெயர்ப்பு பக்கத்திலேயே அச்சில் தொங்கியது. அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்:

“இவ்வூர்க் குடித்தலைவர்களாகிய நாங்கள் அறிவிப்பது. ஒவ்வொருவனும் தன் துப்பாக்கியோடும் மருந்தோடும் சபைக்கு வருவது தகப்பன்மார் காலம் முதல் எங்களுக்குள்ள உரிமை. அதை வாசலில் பறிக்க எந்த அதிகாரிக்கும் அதிகாரமில்லை. ஜெபவேளையில் அது பூட்டப்பட்டிருக்கும். வெடிக்க நேர்ந்தால் அயலானின் முகத்துக்கு நேரே வெடிக்கலாகாது.”

கீழே இருபத்து மூன்று கையெழுத்துகள். முதல் கையெழுத்து மெல்கியோர் ஜிர்க்கிள்.

நாட்டின் உச்ச நீதிமன்றம் சில வருஷம் முன்பு சொல்லிவிட்டது: துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவானாலும், தேசம் பிறந்த காலத்து வழக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பழைய ஆதாரத்தைக் காட்டு. அன்றிலிருந்து வக்கீல்கள் சட்டப் புத்தகத்தை மூடிவிட்டுப் பரண் ஏறத் தொடங்கினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, லொவீனா கதவைத் திறந்தபோது, படியில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒருவர் டெஸ்மண்ட் கிரேபில், துப்பாக்கிச் சங்கத்தின் வக்கீல். கதவு நிலையில் இடிக்காமலிருக்கக் குனிந்தே பழகிய உயரம். இன்னொருவர் மெரிடித் பாஸ்கோ, நகர மன்றத்தின் வக்கீல். கிரேபிலின் தோளளவுக்கும் வராத அந்த அம்மாள் கையில் தன்னைவிடப் பெரிய பை வைத்திருந்தாள்.

“நான்தான் முதல்ல வந்தேன்,” என்றார் கிரேபில்.

“காரை நிறுத்தினது நீங்க முதல்ல. படி ஏறினது நான்,” என்றாள் பாஸ்கோ.

“ரெண்டு மேஜை இருக்கு,” என்றாள் லொவீனா. “பேனாவுக்கு அனுமதி இல்ல, பென்சில்தான். காபி வெளிய. சண்டையும் வெளிய.”

இரண்டு பேரும் மனுவின் முன்னால் தோளோடு தோள் நின்று எழுதிக்கொண்டார்கள். கிரேபில் முதல் மூன்று வாக்கியங்களை எழுதிவிட்டு நிறுத்தினார். பாஸ்கோ கடைசி இரண்டு வாக்கியங்களிலிருந்து ஆரம்பித்தாள்.

“‘பறிக்க எந்த அதிகாரிக்கும் அதிகாரமில்லை.’ கோயிலுக்குள்ளயே கொண்டுபோயிருக்காங்க, மேடம். சந்தைக்குள்ள கூடாதாம்!”

“‘ஜெபவேளையில் பூட்டப்பட்டிருக்கும்.’ 1789-லயே பூட்டு போடச் சொல்லியிருக்காங்க சார். பாதி மனுவை மட்டும் படிக்கிறது உங்க சங்கத்து வழக்கமா?”

“இன்னொரு பாதியை மட்டும் படிக்கிறது உங்க மன்றத்து வழக்கமோ?”

“வெளிய,” என்றாள் லொவீனா.

இரண்டு பேருமே போகும்போது தனித்தனியாக அவளிடம் வந்து, “நீங்க எந்தப் பக்கம்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். அவள் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். “நான் அஞ்சரை மணிக்கு மூடுற பக்கம்.”

விசாரணை தொடங்கியது. நீதிபதி யூனிஸ் டால்பர்ட் எழுபது வயதைத் தாண்டியவர். ஒரே காகிதத்தின் இரண்டு பாதிகளை வைத்து இரண்டு பேரும் முந்நூறு பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். போதகர் கூன்ஸின் மொழிபெயர்ப்பு வேண்டாம், மூலத்தையே யாராவது படித்துச் சொல்லட்டும் என்று உத்தரவு போட்டார். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் மாவட்டத்தில் ஒருவர்தான் இருந்தார்.

செய்தி கேட்டதும் முதலில் ஓடிவந்தவர் கிளைட் ஜிர்க்கிள். லொவீனாவின் தங்கை ஆர்லீனின் கணவர். கறிக்கடை வைத்திருப்பவர், துப்பாக்கிச் சங்கத்தின் தலைவர். அதற்கெல்லாம் மேல், மெல்கியோர் ஜிர்க்கிளின் நேர் வாரிசு. ஒவ்வொரு அக்டோபரிலும் மனு நாள் அன்று அவர்தான் கேப்டன் மெல்கியோர். மூன்று முனைத் தொப்பி, பித்தளைப் பொத்தான், தோளில் ஒரு நீளத் துப்பாக்கி. நாற்பது பேரை அணிவகுத்துப் பிரதான வீதியில் நடத்திச் சென்று, வெறும் மருந்தை வானத்தில் வெடித்து, மனுவைக் கண்ணீர் மல்கப் படிப்பார்.

“மதினி, நம்ம குடும்பத்துப் பேரு கோர்ட்ல ஒலிக்கப் போகுது,” என்றார். “நல்ல கோட்டு ஒண்ணு போட்டுக்கங்க.”

“முதல்ல படிக்கிறேன் கிளைட்.”

“படிக்க என்ன இருக்கு? அதான் எல்லாருக்கும் மனப்பாடமாச்சே.”

மனுவின் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றுவது புதன்கிழமை காலையில் நடந்தது. பின்பலகையின் ஆணிகள் துருவேறியிருந்தன. காகிதத்தை வெளியே எடுத்து ஒற்றுத்தாளின் மேல் வைத்தபோதுதான் லொவீனா அந்த மடிப்பைப் பார்த்தாள். சட்டத்துக்குள் அடங்குவதற்காகவோ என்னவோ, காகிதத்தின் நடுவில் நான்கு விரல் அகலத்துக்குப் புடவைக் கொசுவம் போல் மடித்து உள்ளே தள்ளியிருந்தார்கள். மேலே வாசகம், கீழே கையெழுத்து. நடுவில் ஒரு பத்தி நூறு வருஷத்துக்கு மேலாக வெளிச்சம் பார்க்கவில்லை. மடிப்பின் பின்பக்கம் பென்சிலில் ஆங்கிலத்தில் ஒரு வரி: “இப்பகுதி தேவையற்றது. எ. கூ.”

அவள் மேலிருந்தே தொடங்கினாள். ‘துப்பாக்கி’ என்று கூன்ஸ் எழுதிய இடத்தில் ‘பியூக்சே’ என்று இருந்தது. சரிதான், வேட்டைத் துப்பாக்கிக்கு ஜெர்மனில் அதுதான் பெயர். மூடிபோட்ட சின்ன டப்பாவுக்கும் அதே பெயர்தான். ‘மருந்து’ என்று அவர் எழுதிய இடத்தில் ‘புல்ஃபர்’. தமிழில் வேட்டுக்குப் போடுவதும் மருந்து, இருமலுக்குக் குடிப்பதும் மருந்து என்பது போல, அது எந்தப் பொடிக்கும் பொது. ‘அதிகாரி’ என்பது ஊர் அதிகாரியாகவும் இருக்கலாம், தேவாலயத்து மூப்பராகவும் இருக்கலாம். ‘பூட்டப்பட்டிருக்கும்’ என்பதை ‘மூடப்பட்டிருக்கும்’ என்றும் படிக்கலாம். லொவீனாவின் பென்சில் மெதுவாக நின்றது. மடிப்பை இரண்டு விரலால் பிரித்தாள்.

“சென்ற உயிர்ப்பு ஞாயிறன்று மெல்கியோர் ஜிர்க்கிள் தும்மியதில் பீடத்து மெழுகுவத்திகள் இரண்டும் அணைந்தன என்பதை நாங்கள் மறுக்கவில்லை. போதகர் பிரசங்கத்தை நிறுத்தவேண்டி வந்ததற்கும் வருந்துகிறோம். ஆயினும் ஒருவன் மூக்கின் பொருட்டு இருபத்து மூன்று மூக்குகளைத் தண்டிப்பது நியாயமன்று. பொடியின்றி மூன்று மணி நேரப் பிரசங்கத்தில் விழித்திருப்பது மனிதனால் ஆகாது. இனி ஒவ்வொருவனும் மூக்கைத் துடைக்கத் தனித் துணி கொண்டுவருவான்.”

லொவீனா இரண்டாம் முறை படித்தாள். மூன்றாம் முறை உரக்கப் படித்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைத் தாழ்போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். போதகர் கூன்ஸ், தெரிந்தே செய்திருக்கிறார் மனுஷன்! ஊரின் துப்பாக்கி உரிமை முழுக்க முழுக்க மூக்குப்பொடி டப்பா.

சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எல்லைப் பலகை. பள்ளிக்கூடப் பிள்ளைகள். கிளைட்.

தன் கண்ணையே நம்பாமல், மனுவைப் படமெடுத்து, பக்கத்து மாவட்டக் கல்லூரியில் பழைய ஜெர்மன் படித்த பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினாள். மாலையில் பதில் வந்தது. “சந்தேகமே இல்லை, மூக்குப்பொடிதான். வகுப்பில் படித்துக் காட்டினேன். என் இருபது வருஷ உத்தியோகத்தில் மாணவர்கள் சிரித்தது இதுதான் முதல் தடவை.”

வேறு யார் வாயிலிருந்தாவது கேட்பதைவிடத் தன் வாயிலிருந்து கேட்கட்டும் என்று மறுநாள் கறிக்கடைக்குப் போனாள். கிளைட் வெட்டுக்கத்தியோடு நின்றிருந்தார். அதைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள்.

கிளைட் வெட்டுப்பலகையைத் துடைக்கத் தொடங்கினார். வாடிக்கையாளர் ஒருவர் மணியடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

“தும்மினாரா?”

“தும்மினார்.”

“கேப்டன் மெல்கியோர்?”

“கேப்டன்னு எங்கயும் இல்ல கிளைட். அந்தப் பட்டத்தை நீங்கதான் குடுத்தீங்க.”

“எத்தனை மெழுகுவத்தி?”

“ரெண்டு.”

“அந்தப் பீடத்துக்கும் முன் வரிசைக்கும் நடுவுல பன்னெண்டு அடி இருக்கும்,” என்றார் கிளைட் தன்னையறியாமல். பிறகு தலையை உலுக்கிக்கொண்டார். “மதினி, நாற்பது புதுத் தொப்பி சொல்லி வச்சிருக்கேன். இதை நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“கோர்ட்ல சத்தியம் பண்ணணும்.”

“கோர்ட்ல எல்லாருந்தான் சத்தியம் பண்றாங்க!”

“நான் அந்த எல்லாரும் இல்ல.”

அன்றிலிருந்து கிளைட் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு ஆர்லீன் கூப்பிடுவாள். கிளைட் மேஜையின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு, “ஆர்லீன், உங்க அக்காகிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு,” என்பார். உப்பு லொவீனாவின் கைக்கு அருகில்தான் இருக்கும். “ஆர்லீன், உன் வீட்டுக்காரர் கேட்டது காதுல விழுந்துச்சுன்னு சொல்லு,” என்று இவளும் தள்ளுவாள். ஆர்லீன் மூன்றாவது வாரம் உப்புச் சீசாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

லொவீனா தன் அறிக்கையை எழுதி, இரண்டு வக்கீல்களுக்கும் தலா ஒரு படி அனுப்பினாள். அனுப்பிய மூன்றாம் நாள் ஆவண அறை வாசலில் கார் வந்து நின்றது. ஒரே கார். ஓட்டிவந்தது பாஸ்கோ. பக்கத்து இருக்கையில் முழங்கால் முகவாயில் இடிக்க மடங்கி உட்கார்ந்திருந்தார் கிரேபில். அவர் மடியில் ஒரு பெட்டி நிறைய ஆப்பிளை உள்ளே வைத்துப் பொரித்த பலகாரம், இன்னும் சூடாக.

“இந்த வழக்குல நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போறது இதுதான் முதல் தடவை,” என்றார் கிரேபில்.

“கடைசித் தடவையும்,” என்றாள் பாஸ்கோ. “மேடம், உங்க உழைப்பு பெரிய உழைப்பு. அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம் இல்லையா?”

“சொல்லுக்கு இருக்கலாம். மூக்குக்கு ஒரே அர்த்தம்தான்.”

“துப்பாக்கி வெடிச்சு, அந்தப் புகை மூக்குல ஏறி, அதனால அவர் தும்மியிருக்கலாமே?” என்றார் கிரேபில்.

“அருமையான கோணம்!” என்றாள் பாஸ்கோ. சொல்லிவிட்டு, எதிர்க்கட்சி வக்கீலைப் பாராட்டிவிட்டோமே என்று முகம் சிவந்தாள்.

“கோயிலுக்குள்ள துப்பாக்கி வெடிச்சிருந்தா,” என்றாள் லொவீனா, “அதை விட்டுட்டு மெழுகுவத்தி அணைஞ்சதுக்கா மூப்பருங்க சண்டைக்கு வருவாங்க?”

பாஸ்கோ பலகாரப் பெட்டியை லொவீனாவின் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்க பொய் சொல்ல வேண்டாம்,” என்றாள் பாஸ்கோ. “‘வாசகம் தெளிவற்றது’ன்னு ஒரு வரி எழுதினா போதும். அவர் பாதியை அவர் வச்சுக்குவார், என் பாதியை நான் வச்சுக்குவேன்.”

“பாருங்க மேடம், இது வெளிய வந்தா ஊர் சிரிக்கும்,” என்றார் கிரேபில். “எங்க சங்கத்து முத்திரையிலயே இந்த மனு இருக்கு.”

“எங்க நகர மன்றத்து முத்திரையிலயும்,” என்றாள் பாஸ்கோ.

லொவீனா ஒரு பலகாரத்தை எடுத்துக் கடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. “நான் தபால் நிலையத்துல இருந்தவ,” என்றாள். “எல்வுட்டுன்னு எழுதின கடுதாசியை எட்வர்டு கேக்கறார்ங்கறதுக்காகக் குடுக்க முடியாது. அவர் எவ்வளவு ஆசையா கேட்டாலும் சரி.”

போகும்போது கிரேபில் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். காரில் ஏறியதும் மீதியை யார் தின்பது என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம் தொடங்கியது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

நீதிமன்றத்தில் அன்று உட்கார இடமில்லை. மூக்குப்பொடி விஷயம் எப்படியோ கசிந்து, மூன்று மாவட்டத்து ஆட்கள் வந்திருந்தார்கள். பின்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு கிளைட். பக்கத்தில் ஆர்லீன். லொவீனா சாட்சிக் கூண்டில் ஏறினாள். நல்ல கோட்டைத்தான் போட்டிருந்தாள்.

அறிக்கையைப் படித்து முடித்தாள். ‘இருபத்து மூன்று மூக்குகள்’ என்ற இடத்தில் காவலர் ஒருவர் இருமுவது போல் வெளியே போய்விட்டார். கிரேபில் எழுந்தார்.

“நீங்க கல்லூரியில ஜெர்மன் படிச்சிருக்கீங்களா?”

“இல்ல.”

“வரலாறு?”

“இல்ல.”

“அப்போ என்னதான் படிச்சிருக்கீங்க?”

“முகவரி. முப்பத்தோரு வருஷம்.”

“கனம் நீதிபதி அவர்களே, கடிதம் பிரிச்சவங்களைப் போய் அரசியல் சட்டத்து வழக்குல நிபுணர்னு ஏத்துக்க முடியுமா? அந்தக் கையெழுத்தை இவங்க சரியாத்தான் படிச்சாங்கன்னு என்ன நிச்சயம்? இவங்க வாசிப்பு, இவங்க ஊகம், இவங்க…”

நீதிபதி டால்பர்ட் கையை உயர்த்தினார். தன் முன்னால் இருந்த மஞ்சள் தாளைக் கிழித்து எழுத்தரிடம் கொடுத்தார். “இது நான் காலையிலேருந்து எழுதின குறிப்பு. இந்த நீதிமன்றத்துல பதினெட்டு வருஷமா என் கையெழுத்தை யாராலயும் படிக்க முடிஞ்சதில்ல. என்னாலயும்தான். அந்த அம்மாகிட்டக் குடுங்க.”

எழுத்தர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, எது மேல்பக்கம் என்று தெரியாமல் கொடுத்தார். லொவீனா ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

“‘கிரேபில் ஒரே கேள்வியை ஏழு விதமாகக் கேட்கிறார்.’” அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். “‘பாஸ்கோ நடுவில் எழுவதற்காகவே உட்காருகிறாள்.’ கீழே இன்னும் ஒரு வரி இருக்கு. படிக்கவா அம்மா?”

“வேண்டாம்,” என்றார் நீதிபதி அவசரமாக. “நிபுணர் என்று ஏற்கப்படுகிறார்.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பாஸ்கோ தன் பங்குக்கு எழுந்தவள், குறுக்கு விசாரணை இல்லை என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மனுவை நீதிபதி வழக்கிலிருந்து ஒதுக்கிவைத்தார். அது ஆயுதம் தாங்கும் உரிமையைப் பற்றியதல்ல, விழித்திருக்கும் உரிமையைப் பற்றியது, அதற்குத் தனியாக யாராவது வழக்குப் போட்டால் தனக்கும் அதில் அக்கறை உண்டு என்றார். அதனால் வக்கீல்கள் சோர்ந்துவிடவில்லை. ஊர்ப்படைப் பெயர்ப்பட்டியல், இறந்தவர்களின் சொத்துப் பட்டியலில் இருந்த துப்பாக்கிகள், தேர்தல் நாளில் ஆயுதம் கூடாதென்ற பழைய சட்டங்கள் என்று ஆளுக்கு நாற்பது காகிதம் கொண்டுவந்தார்கள். தீர்ப்பு ஆகஸ்டில் வந்தது. சந்தைக் கூடம்தான் ஊரின் வாக்குச்சாவடியும் என்பதால் அதற்குள் துப்பாக்கி கூடாது. வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் தடையில்லை. இரண்டு தரப்பும் தாங்களே வென்றதாக ஒரே மாலையில், அடுத்தடுத்த உணவு விடுதிகளில் விருந்து வைத்தார்கள்.

ஆனால் லொவீனாவின் வழக்கு அதற்கு முன்பே, அவள் சாட்சி சொன்ன அன்றே, நீதிமன்றப் படிக்கட்டில் முடிந்துவிட்டது. கிளைட் அங்கே தூணில் சாய்ந்து அவளுக்காகக் காத்திருந்தார். ஏழு வாரம் கழித்து நேராகப் பேசினார்.

“ஜெயிச்சாங்களா?”

“யாரு?”

“தாத்தாவும் அந்த இருபத்திரண்டு பேரும். மூப்பருங்களை எதிர்த்து மனு எழுதினாங்களே, ஜெயிச்சாங்களா, தோத்தாங்களா?”

லொவீனாவுக்கு அது தோன்றவே இல்லை. மறுநாள் தேவாலயத்தின் பழைய தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். இரண்டு வாரம் பிடித்தது. கண்டதும் கறிக்கடைக்கே நேராகப் போனாள்.

“ஜெயிச்சுட்டாங்க கிளைட். பொடி அனுமதின்னு எழுதியிருக்கு. ஆனா பொடி போடுறவங்க எல்லாரும் கடைசி ரெண்டு வரிசையில, ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு உட்காரணும். மெல்கியோர் ஜிர்க்கிள் மட்டும் ஜன்னலுக்கு வெளிய.”

“வெளியவா?”

“வெளிய நின்னு தலையை உள்ள நீட்டிக்கலாம்னு இருக்கு.”

கிளைட் மேலாடையில் கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் மெதுவாக ஒரு பெருமை ஏறியது. “மழையிலயும் நின்னிருப்பார் மனுஷன்,” என்றார். “விட்டுக்குடுக்கலை பாத்தீங்களா? நாற்பது தொப்பியும் வந்துடுச்சு மதினி. திருப்பி அனுப்ப மாட்டேன்.”

அந்த அக்டோபரில் மனு நாள் வழக்கம்போல நடந்தது. அணிவகுப்பு உண்டு, தொப்பி உண்டு. துப்பாக்கிக்குப் பதில் ஆளுக்கொரு டப்பா. கிளைட் மேடையேறி, மடிப்புக்குள் இருந்த பத்தியையும் சேர்த்து, முழு மனுவையும் படித்தார். எப்போதும் கண்ணீர் மல்குகிற இடத்தில் இந்த முறையும் மல்கியது. அது உணர்ச்சியா, முதல் முறையாகப் பொடி போட்டதாலா என்று ஊரில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. பள்ளத்தாக்குத் துப்பாக்கிச் சங்கத்தில் பாதிப்பேர் கோபித்துக்கொண்டு வரவில்லை. மீதிப்பேர் வந்து, தும்மல் போட்டியில் முதல் மூன்று பரிசையும் வாங்கிப் போனார்கள்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை கிளைட் ஆவண அறைக்கு வந்தார். கையில் புதுப் பென்சில். “அந்த எழுத்தை எனக்கும் சொல்லிக் குடுங்க மதினி. தாத்தாவைப் பத்தி இன்னும் என்னென்ன இருக்குன்னு நானே படிச்சுக்கறேன். உங்களை நம்பி இருந்தா அடுத்த தடவை எதை உடைப்பீங்களோ.”

அவள் பழைய மாவட்ட நீதிமன்றப் புத்தகம் ஒன்றை எடுத்து, ஜிர்க்கிள் என்ற பெயர் இருந்த பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். கிளைட் குனிந்தார். இருபது நிமிஷம் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரே சொல்லின் மேல் பென்சிலை நகர்த்தினார்.

“ஆடு,” என்றார் கடைசியில். நெற்றி வேர்த்திருந்தது. “இது ‘ஆடு’தானே?”

“ஆடுதான்.”

“யாரோட ஆடு?”

“அடுத்த சொல்லைப் படிங்க.”

கிளைட் அடுத்த சொல்லைப் பார்த்தார். அதன் நீளத்தைப் பார்த்தார். “காபி குடிச்சுட்டு வரேன்,” என்று எழுந்தார்.

“காபி வெளிய,” என்றாள் லொவீனா.